பல்லுக்குப் பல் பதில்

இந்த வாரத் தபால் பை முழுக்கப் பல். மணவாளக்குறிச்சிப் பக்கத்தில் யாரோ, தாடையெலும்பில் ஸ்குரூ இறக்கி அதன்மேல் பல் கட்டுகிற இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டு வந்து ஒரு கல்யாண வீட்டில் வாய் நிறையச் சிரித்திருக்கிறார். ஊரே பேனாவை எடுத்துவிட்டது. கேளுங்க மக்கா, அண்ணாச்சிக்குத் தெரியாததா!

மீன் சந்தைக்காரி, பெரியவிளை: டைட்டானியம் பல், டைட்டானியம் பல் என்கிறார்களே, அது எங்கே விளைகிறது அண்ணாச்சி?

உங்க காலடியில், தங்கச்சி. கரையில் கறுப்பாக மின்னுகிற மணலில் இல்மனைட் கிடக்கிறது. அதற்குள் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் கூட்டுக் குடும்பம். மணல் ஆலையில் காந்தம் வைத்து இழுத்து, மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். ரொம்பப் பெருமை வேண்டாம். உலகத்தில் தோண்டுகிற டைட்டானியத் தாதுவில் பத்துக்கு ஒன்பது பங்கு வெள்ளை நிறமியாகிப் பெயின்ட் டப்பாவுக்குப் போகிறது. உங்க கரை மணல் யார் வாயிலாவது சிரிப்பதைவிட எதிர்வீட்டுச் சுவரில் இளிக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வரலாற்று வாத்தியார், தக்கலை: அந்த மணலைக் கண்டுபிடித்த ஜெர்மன்காரர் பல் டாக்டரா?

விளக்கு ஆசாமி. பெயர் சி. டபிள்யூ. ஷாம்பெர்க், வேதியியலாளர். 1909இல் திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய தேங்காய்நார்க் கயிற்றில் மணல் ஒட்டியிருந்தது. அதில் மோனசைட் இருப்பதைக் கண்டு, தேடிக்கொண்டே மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலை போட்டார். அந்தக் காலத்துக் கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் வேண்டும், அது மோனசைட்டில் உண்டு. கூடவே கிடந்த இல்மனைட்டை அப்போது சீந்துவார் இல்லை. கயிறு விற்றவர் ஒட்டிய மணலுக்கும் சேர்த்து விலை சொல்லியிருந்தால் மகாராஜா இன்னும் ரெண்டு குளம் வெட்டியிருப்பார்.

விடாக்கண்டர், மண்டைக்காடு: டைட்டானியத்தை முதலில் கண்டவரும் ஜெர்மன்காரர்தானே?

இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பாதிரியார். வில்லியம் கிரகர். 1791இல் ஓடைக்கரையில் கிடந்த கறுப்பு மணல் காந்தத்தில் ஒட்டுகிறதே என்று கிளறினார். நம்ம கரையில் கிடக்கிற அதே இல்மனைட். நாலு வருஷம் கழித்துப் பெயர் வைத்தவர்தான் ஜெர்மனியின் கிளாப்ராத். பாடுபட்டவர் ஒருத்தர், பெயர் எடுத்தவர் ஒருத்தர். நம்ம ஊர் கமிட்டியில் நடக்காததா!

முயல் வளர்ப்பவர், வெள்ளிமலை: எலும்புக்குள் உலோகத்தை வைத்தால் உடம்பு தள்ளாதா? டைட்டானியத்துக்கு மட்டும் என்ன சலுகை?

அதற்குச் சாட்சி உங்க வளர்ப்புதான். 1952வாக்கில் சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற டாக்டர், முயலின் காலெலும்பில் ஒரு டைட்டானியக் குழலைச் செருகி, ரத்தம் ஓடுகிற அழகை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்து, விலை கூடின சாமானாயிற்றே என்று உருவினால் வரவில்லை. எலும்பு அதோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது. காற்றுப் பட்டதுமே டைட்டானியத்தின் மேல் ஒரு ஆக்சைடுப் படலம் படரும். அந்தப் படலத்தை உடம்பு பகையாளியாகப் பார்ப்பதில்லை. 1965இல் கோத்தன்பர்க்கில் யோஸ்டா லார்சன் என்பவருடைய கீழ்த்தாடையில் முதல் ஸ்குரூக்களை இறக்கினார். லார்சன் 2006இல் கண்ணை மூடும்வரை அதிலேயே சாப்பிட்டார். முயலுக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் கேட்காதீரும்.

முறுக்குப் பிரியர், அம்மாண்டிவிளை: ஒரு கடிக்கு எவ்வளவு பலம் இருக்கும்?

முன்பல்லில் பத்திருபது கிலோ. கடைவாயில் மூச்சைப் பிடித்துக் கடித்தால் ஐம்பது, அறுபது கிலோவை ஆரோக்கியமான ஆள் தொட்டுவிடுவார். சோற்றுக்கும் மத்திக் குழம்புக்கும் அதில் ஒரு சின்னப் பங்குதான் செலவாகும், உம்ம முறுக்குக்குக் கொஞ்சம் கூட. 1986இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹாஃப்மன் 442 கிலோ கடித்து, ரெண்டு வினாடி தாங்கி, கின்னஸில் ஏறினார். அவர் வீட்டில் தேங்காய் உடைக்க வெட்டுக்கத்தி எதற்கு!

வள்ளக்காரர், கடியபட்டணம்: சொந்தப் பல்லும் கடிக்குது, வச்ச பல்லும் கடிக்குது. எலும்புக்கு இதில் என்ன வித்தியாசம்?

உமக்கு உம்ம பாஷையிலேயே சொல்கிறேன். சொந்தப் பல் நங்கூரம் போட்டுக் கிடக்கிற வள்ளம். வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு நார்ச்சவ்வு. கடி விழுந்தால் பல் 25 மைக்ரானிலிருந்து 100 மைக்ரான்வரை அமுங்கி எழும். அலை வரும், போகும்.

இம்ப்ளாண்ட் தூண்டில் வளைவுக்குப் போட்ட பாறை. சவ்வு கிடையாது, எலும்போடு எலும்பாக நிற்கிறது. நேராகக் கடித்தால் மூன்று முதல் ஐந்து மைக்ரான் அசைந்தாலே அதிசயம். அலை அத்தனையும் பாறையில் மோதும். பாறை அசையாது. பக்கத்து மணல் என்ன பாடு படும் என்று கடியபட்டணத்துக்காரருக்கு நான் சொல்லவா?

எஞ்சினியரிங் மாணவன், நாகர்கோவில்: பாரம் ஸ்குரூவின் அடிநுனிக்குத்தானே இறங்கணும்? எக்ஸ்ரேயில் கழுத்தைச் சுற்றித்தான் எலும்பு குறையுதாமே?

உன் கேள்விக்கு உன் பாடப் புத்தகமே பதில். டைட்டானியத்தின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல். தாடையின் வெளியோட்டு எலும்பு 15ஐச் சுற்றி. உள்ளே இருக்கிற பஞ்செலும்பு ஒன்றையே தொடாது. விறைத்தவனும் விறைக்காதவனும் ஒட்டி நின்று பாரம் சுமந்தால், முதலில் சந்திக்கிற இடத்தில்தான் சண்டை. தாடையைக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான கட்டமாக நறுக்கிக் கணக்குப் போட்டாலும், கழுத்தோரத்து ஓட்டெலும்பிலும் மேல் ரெண்டு மூணு மரையிலும்தான் அழுத்தத்தைக் காட்டுகிற சிவப்பு நிறம் ஏறும். அதனால் ஸ்குரூவை நீளமாக்குவதைவிடக் கொஞ்சம் தடிமனாக்கினால் எலும்புக்கு அதிக நிம்மதி. கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்பது பழமொழி. எலும்பு பழமொழி படித்ததில்லை.

பல் போன பாட்டா, ராஜாக்கமங்கலம்: பல்லைப் பிடுங்கின இடத்தில் எலும்பும் வற்றிப் போச்சே, எளவு, அது ஏன்?

வேலை இல்லாத இடத்துக்குச் சம்பளம் கொடுக்க உடம்பென்ன அரசாங்க ஆபீஸா பாட்டா? பாரம் விழுகிற இடத்தில் எலும்பு கட்டும், விழாத இடத்தில் பிரித்தெடுத்துவிடும். 1892இலேயே ஜெர்மானிய டாக்டர் யூலியஸ் வோல்ஃப் இதை எழுதிவைத்துவிட்டார். டென்னிஸ்காரருக்கு மட்டை பிடிக்கிற கையெலும்பு மற்றக் கையைவிடத் தடிமன். விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்களுக்கு மாசத்துக்கு ஒரு சதவீதமும் அதற்கு மேலும் இடுப்பெலும்பு கரைகிறது. நீர் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ரெண்டு பல்லைப் பிடுங்கினாலே போதும்.

ஜிம் தம்பி, குளச்சல்: அப்படியானால் இம்ப்ளாண்டில் கடிக்கக் கடிக்க எலும்பு ஏறுமா?

ஓரளவுக்கு ஏறும். ஓரளவுக்கு மேல் இறங்கும். ஹரால்ட் ஃபிராஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு டாக்டர் இதற்கு ஒரு படிக்கட்டே கட்டி வைத்திருக்கிறார். ஒரு மீட்டர் நீளத்துக்கு எலும்பு இருப்பதாக வைத்துக்கொள். பாரத்தில் அது பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட நெளியவில்லை என்றால், சும்மா கிடக்கிறது என்று உடம்பு அதைக் கரைக்கும். ஒன்றரை மில்லிமீட்டர்வரை நெளிந்தால் வரவும் செலவும் சரி. ஒன்றரையிலிருந்து மூணுவரை கூடுதலாக எலும்பு கட்டும். மூணைத் தாண்டினால் கொத்தனார் பூசுவதற்குள் அடுத்த விரிசல் விழுந்துவிடும், சரிவுதான். 25இல் முறிந்தே போகும்.

கை கால் எலும்பில் பிறந்த கணக்கு இது, தாடைக்கு உத்தேசமாகப் பொருந்தும். எலும்புக்கு வேலையும் வேணும், வதையும் கூடாது. உனக்கு வாய்த்த ஜிம் மாஸ்டருக்கு இதில் முதல் பாதிதான் தெரியும் என்று நினைக்கிறேன்.

அவசரக்கார மாப்பிள்ளை, திங்கள்சந்தை: ஸ்குரூ வச்சாச்சு, அடுத்த மாசம் கல்யாணம். உடனே கேப் மாட்டிக் கடிக்கலாமா?

பிரோனமார்க் வகுத்த வழக்கப்படி கீழ்த்தாடைக்கு மூணு மாசமும் மேல்தாடைக்கு ஆறு மாசமும் பொறுக்கணும். ஸ்குரூ இறக்கின அன்றைக்கு இருக்கிற பிடி, திருகின முறுக்கின் பிடி. பழைய எலும்பு கரைந்து புது எலும்பு கட்டி வருவதற்குள், நடுவில் சில வாரம் அந்தப் பிடியும் தளரும். அந்த நேரத்தில் கடித்துக் கடித்து ஸ்குரூ 150 மைக்ரானுக்கு மேல் ஆடினால், சுற்றி எலும்புக்குப் பதில் நார் வளரும். நாருக்குள் நிற்கிற ஸ்குரூ நாளைக்குக் கையோடு வரும்.

பிடி பலமாக இருந்தால் அழகுக்கு ஒரு தற்காலிகப் பல்லை, எதிர்ப்பல்லில் முட்டாமல் டாக்டர் வைத்துத் தருவார். ‘ஒரே நாளில் பல்’ என்று போர்டில் போடுவது பெரும்பாலும் அதைத்தான். போட்டோவில் தாராளமாகச் சிரியும். பந்தியில் பாயசத்தோடு நிறுத்தும். கடிக்கிற வேலையைக் கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டம்மா பார்த்துக்கொள்வார்.

சிப்ஸ் கடைக்காரர், குளச்சல்: அதிகப் பாரம் கெடுதலா, சாய்ந்த பாரம் கெடுதலா?

சாய்ந்ததுதான். தொடை எலும்பில் அளந்து பார்த்தார்கள். நசுக்குவதைத் தாங்குவதில் எலும்பு நூறு மார்க் என்றால், இழுப்பதில் எழுபது, ஒன்றன்மேல் ஒன்று நழுவச் செய்வதில் முப்பத்தைந்து. நேராக விழுகிற கடி நசுக்கும். பக்கவாட்டுக் கடி ஒரு பக்கம் நசுக்கி மறுபக்கம் இழுக்கும். அதனால்தான் இம்ப்ளாண்ட் மேல் வைக்கிற கேப்பின் மேடு பள்ளத்தை டாக்டர் தட்டையாக்கி வைக்கிறார். குறுக்கே பேசுகிறவனை எலும்புக்கும் பிடிக்காது.

ஏமாந்தவர் என்று நினைப்பவர், இரணியல்: புதுப் பல்லை டாக்டர் கொஞ்சம் குட்டையாக வைத்துவிட்டார். மெதுவாகக் கடித்தால் எதிர்ப்பல்லில் தொடவே இல்லை. காசு முழுசாக வாங்கினார்!

நல்ல டாக்டர், காசு வீண் போகவில்லை. மெதுவாகக் கடிக்கச் சொல்லி நடுவில் ஒரு மெல்லிய தாளை வைத்து இழுத்துப் பார்த்திருப்பாரே? தாள் நழுவி வந்திருக்கும். அழுத்திக் கடிக்கச் சொன்னபோது பிடித்திருக்கும். அழுத்திக் கடித்தால் உம்ம சொந்தப் பற்கள் சவ்வில் அமுங்கும், ஸ்குரூ அமுங்காது. முதலிலேயே சம உயரம் வைத்தால் மற்றவை அமுங்கினதும் மொத்தப் பாரமும் இந்த ஒற்றை ஆள் தலையில் ஏறும். அந்த மயிரிழை இடைவெளிக்குத்தான் ஐயா அவர் காசு வாங்கினார்.

சிக்கனக்காரர், தக்கலை: ரெண்டு ஸ்குரூ வைத்து, பக்கவாட்டில் இன்னும் ரெண்டு பல்லைத் தொங்கவிட்டால் மிச்சமாகுமே?

காசு மிச்சமாகும், எலும்பு மிச்சமாகாது. தொங்குகிற நுனியில் 20 கிலோ கடித்தால் பக்கத்து ஸ்குரூவில் 20ஐவிடக் கூடுதலாக இறங்கும், தூரத்து ஸ்குரூவை மேலே பிடுங்கப் பார்க்கும். நீளம் கூடக் கூட வட்டி கூடும். வட்டிக் கணக்கு உமக்கு நான் சொல்லித் தரணுமா?

நறநறப்பவரின் மனைவி, முட்டம்: இவர் ராத்திரி முழுக்கப் பல்லைக் கடிக்கிறார். போன மாசம்தான் இம்ப்ளாண்ட் வைத்தோம். பயமாக இருக்கிறது.

சாப்பிடுகிறபோது பல்லோடு பல் நேராக முட்டுகிற நேரத்தைக் கூட்டினால் நாளைக்கு அரை மணிகூடத் தேறாது. தூக்கத்தில் கடிப்பவருக்கு நேரமும் கூட, பலமும் கூட, பக்கவாட்டு அரைப்பும் கூட. போதும் நிறுத்து என்று சொல்கிற நரம்பு முனைகள் இருந்தன அந்தப் பல்வேர்ச் சவ்வில். இம்ப்ளாண்டில் அவை இல்லை. முதலில் கேப் சில்லாகும், ஸ்குரூ தளரும், அபூர்வமாக ஸ்குரூவே முறியும். டாக்டரிடம் சொல்லி நைட் கார்டு செய்து மாட்டிவிடுங்க. பகலில் உங்களிடம் சொல்ல முடியாததைத்தான் மனுஷன் ராத்திரி பல்லிடம் சொல்கிறாரோ என்னவோ. ஒரு நாள் பேச விட்டுப் பாருங்களேன்.

மாமியார், பரசேரி: சோற்றில் கல் கிடந்தால் வச்ச பல்லுக்குத் தெரியுமா?

தெரியும், லேட்டாக. சொந்தப் பல் 20 மைக்ரான் கனத்தைக்கூட மோப்பம் பிடிக்கும். இம்ப்ளாண்டுக்கு ஏறக்குறைய 50 மைக்ரான் வேணும். சவ்வு போனாலும் எலும்பும் ஈறும் தாடை மூட்டும் சேர்ந்து ஒப்பேற்றும், ஆனாலும் பழைய கூர்மை வராது. மருமகள் சமையலில் குற்றம் கண்டுபிடிக்கிற சக்தி பாதியாகக் குறையும் என்று அர்த்தம். குடும்பத்துக்கு நல்லது, வச்சிருங்க.

பதறினவர், மணவாளக்குறிச்சி: வைத்து ஒரு வருஷம். எக்ஸ்ரேயில் ஒரு மில்லிமீட்டர் எலும்பைக் காணோம்! டாக்டர் சிரிக்கிறார்!

சிரிக்கட்டும். முதல் வருஷத்தில் கழுத்தோரம் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரைகூட, இறங்குவது பழைய கணக்கில் வழக்கம்தான். அதற்கப்புறம் வருஷத்துக்கு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்று 1986இல் சுவீடன்காரர் ஆல்பிரெக்ட்சனும் கூட்டாளிகளும் கோடு போட்டார்கள். அடுத்த வருஷமும் அதே இடத்தில் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பாரும். கோட்டைத் தாண்டி இறங்கியிருந்து, அப்போதும் டாக்டர் சிரித்தால் டாக்டரை மாற்றும்.

நடுநிலையாளர், நாகர்கோவில்: எலும்பு கரைந்தால் ஒரு டாக்டர் ‘கடி ஜாஸ்தி’ என்கிறார், இன்னொருவர் ‘நீர் பல் விளக்குவதில்லை’ என்கிறார். யார் சொல்வது சரி?

வாரும், இதுதான் பல் உலகத்தின் பெரிய பட்டிமன்றம். நானே நடுவராக உட்கார்கிறேன்.

கடிதான் என்ற அணிக்கு 1996இல் டென்மார்க்கின் இசிதோர் குரங்கோடு வந்தார். வேண்டுமென்றே உயரமாகவும் கோணலாகவும் பல் வைத்துக் கடிக்கவிட்டார். பல ஸ்குரூக்கள் எலும்பின் பிடியையே இழந்து ஆடின. எதிரணி 2004இல் நாயோடு வந்தது. உயரமாக வைத்தார்கள், வாயைச் சுத்தமாக வைத்தார்கள், எட்டு மாசம் கடிக்கவிட்டார்கள். எலும்பு அசையவில்லை. நடுவில் 2001இல் பெல்ஜியத்தில் முயல். சும்மா அழுத்திக்கொண்டே இருந்த ஸ்குரூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விட்டு விட்டு ஆட்டின ஸ்குரூவைச் சுற்றிக் குழி விழுந்தது.

2017இல் சிகாகோவில் உலகத்துப் பல் பண்டிதர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள்: இம்ப்ளாண்டைச் சுற்றிச் சீழ் வைத்து எலும்பு கரைகிற நோய்க்குக் காரணம் அழுக்கில் குடியிருக்கும் கிருமி. கடிதான் அதைத் தொடங்கி வைக்கிறது என்பதற்கு மனுஷரிடம் வலுவான ஆதாரம் இல்லை.

அண்ணாச்சியின் தீர்ப்பு கேட்கிறீரா? ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம், அழுத்தினால் சீழ் என்றால் பிரஷ்ஷை எடும். ஈறு அழகாக இருக்கிறது, கேப் மட்டும் தளர்கிறது, உடைகிறது என்றால் கடியைப் பாரும். ரெண்டும் சேர்ந்திருந்தால் ரெண்டு டாக்டருக்கும் பீஸ் கொடும்.

வெற்றிலைப் பெட்டி, ஈத்தாமொழி: பாக்கு போடலாமா?

பாக்கு கடினம், ஒரே பக்கம் ஒதுக்கி அரைப்பது வழக்கம், புகையிலையும் சேர்ந்தால் ஈறும் போச்சு. எலும்புக்கு எதிராக இத்தனை பேரை ஒரே மடிப்பில் சுருட்டுகிற திறமை உமக்குத்தான் வரும்.

சர்க்கரைக்காரர், வில்லுக்குறி: எனக்கு வைப்பார்களா?

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் வைப்பார்கள். கட்டுக்குள் இல்லை என்றால் எலும்பு கட்டுவதும் தாமதம், புண் ஆறுவதும் தாமதம். ரிப்போர்ட்டுக்கு முந்தின மூணு நாள் மட்டும் பத்தியம் இருக்கிற தந்திரம் செல்லாது. மூணு மாசச் சராசரி காட்டுகிற டெஸ்ட் வந்து எவ்வளவோ காலமாச்சு.

மேல்வீட்டுக்காரர், தோட்டியோடு: கீழ்த்தாடையில் சட்டென்று பிடித்த ஸ்குரூ மேல்தாடைக் கடைவாயில் தகராறு பண்ணுகிறதே?

கீழ்த்தாடை முன்பக்கம் கெட்டி ஓடு. மேல்தாடைக் கடைவாய் மெல்லிய ஓட்டுக்குள் பஞ்செலும்பு, அதற்கு மேலே காற்று நிறைந்த அறை. 1985இல் லெக்ஹோமும் சார்பும் தாடை எலும்பை நாலு வகையாகப் பிரித்தார்கள். நாலாவது வகை அங்கேதான் அதிகம். பலமான கடி விழுவதும் கடைவாயில், பலமில்லாத எலும்பு கிடப்பதும் கடைவாயில். படைத்தவனுக்கும் பிளான் அப்ரூவல் வாங்கும் வழக்கம் இல்லை போலும்.

பயந்தவர், சின்னவிளை: நம்ம மணலில் கதிரியக்கம் இருக்கிறது. டைட்டானியம் பல்லிலும் இருக்குமா?

இருக்காது. கதிர் வீசுகிற தோரியம் மோனசைட்டின் சொத்து. இல்மனைட்டை வேறாகப் பிரித்து, குளோரின் ஏற்றி ஆவியாக்கி, வடித்து, மெக்னீசியத்தோடு காய்ச்சி எடுத்த பிறகுதான் டைட்டானியம் உலோகமாகிறது. இத்தனை சோதனைச்சாவடி தாண்டித் தோரியம் ஒளிந்து வர முடியாது. பல்லில் இல்லை, நிம்மதியாகத் தூங்கும். கரையில் எவ்வளவு, அதனால் என்ன என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறே இருக்கிறார்கள். கேட்டுப் பாரும், பல்லைக் காட்டுவார்கள்.

சுதேசி, குளச்சல்: நம்ம பக்கத்து மணலிலிருந்து நாமே டைட்டானியம் எடுத்தால் என்ன?

எடுக்கிறார்கள் ஓய். நம்ம எல்லை தாண்டினால் கொல்லம், அங்கே சவறையில் கேரள அரசின் கே.எம்.எம்.எல். நிறுவனம் 2011இலிருந்து ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள டைட்டானியம் ஸ்பாஞ்ச் (கச்சா உலோகம்) ஆலையை வைத்திருக்கிறது. முறை ஹைதராபாத் ராணுவ ஆய்வகத்தினுடையது, பணம் இஸ்ரோவினுடையது. ஆகவே ராக்கெட்டுக்கு முதல் பந்தி. உம்ம கடைவாய் அடுத்த பந்திக்குக் காத்திருக்கட்டும்.

வெள்ளைப் பல் வேண்டுபவள், முளகுமூடு: வெள்ளை ஸ்குரூ வந்திருக்கிறதாமே?

சிர்க்கோனியா. அதன் தாயான சிர்க்கானும் நம்ம கரை மணலில்தான் கிடக்கிறது. 1789இல் கிளாப்ராத் இலங்கைக் கல் ஒன்றைச் சோதித்து அந்தத் தனிமத்தைக் கண்டார். ஆக டைட்டானியமும் சிர்க்கோனியமும் ஒரே கடற்கரையில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். வெள்ளையாயிருக்கும், ஈறு வழியே கறுப்பு தெரியாது. விறைப்போ 200 கிகாபாஸ்கலுக்கு மேல், டைட்டானியத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. அழகு கூடினால் விறைப்பும் கூடும் என்பது உனக்கு நான் சொல்லியா தெரியணும் மக்ளே!

பிளஸ் டூ மாணவி, கருங்கல்: கம்பி போட்டால் பல் நகர்கிறது. இம்ப்ளாண்டை நகர்த்த முடியுமா?

முடியாது. கம்பி இழுக்கும்போது ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் கட்டுவது அந்த நார்ச்சவ்வின் கைங்கரியம். சவ்வு இல்லாதவன் இருந்த இடத்தில் இருப்பான். அதையே வித்தையாக்கி, சின்ன டைட்டானிய ஸ்குரூவை எலும்பில் ஊன்றி, அதில் கம்பியைக் கட்டி மற்றப் பற்களை இழுக்கிறார்கள். பிடிவாதக்காரனுக்கும் ஒரு உத்தியோகம் உண்டு.

டம்ளர் பாட்டா, மண்டைக்காடு: என் பல் செட்டுக்கும் இம்ப்ளாண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

முழுப் பல் செட்டில் கடி பலம் சொந்தப் பல்லின் கால்வாசி அளவுக்கு இறங்கிவிடும். செட்டு உட்காருவது ஈறின் மேல். அமுங்குகிற ஈறுக்கு அடியில் எலும்பு வருஷா வருஷம் தேயும், செட்டு லொடலொடக்கும். கீழ்த்தாடையில் ரெண்டே ரெண்டு ஸ்குரூ வைத்து அதில் செட்டை மாட்டினாலே கடி எவ்வளவோ ஏறும், பாரமும் எலும்புக்குள் போகும். ராத்திரி தண்ணீர் குடிக்கிற அவசரத்தில் டம்ளர் மாறுகிற விபத்து மட்டும் அப்போதும் நடக்கலாம். செட்டை அப்போதும் கழற்றித்தான் வைக்கணும்.

வளைகுடா வாசி, விடுமுறையில் வெட்டூர்ணிமடம்: விமான நிலையத்தில் கத்துமா?

கத்தாது. அவ்வளவு சின்ன டைட்டானியத்துக்கு வாசல் கருவி அனேகமாக அசைந்து கொடுக்காது, காந்தமும் இழுக்காது. மணலில் கிடந்தபோது காந்தத்தில் ஒட்டியது கூடவே இருந்த இரும்பின் சகவாசத்தால். அங்கே கத்துவது நீர் கையில் மாட்டியிருக்கிற அந்த வளையத்துக்கு.

கடுப்பான மகன், அருவிக்கரை: அப்பாவுக்கு வைத்து ரெண்டு வருஷம். ஸ்குரூ லூஸ் ஆகிவிட்டது. என்ன செய்ய?

எந்த ஸ்குரூ என்று தெளிவாக எழுதும். கேப்பைப் பிடிக்கிற உள் ஸ்குரூ என்றால் டாக்டர் முறுக்கிவிடுவார். கடி சாய்வாக விழுகிறது என்று எலும்பு படுத்துவதற்கு முன் வருகிற முதல் புகார் அது, அலட்சியம் வேண்டாம். எலும்பில் இருக்கிற ஸ்குரூவே ஆடினால் கழற்றி, குணமாக்கி, மறுபடி வைக்கணும். வேறே ஸ்குரூ என்றால் பல் டாக்டரிடம் போகாதீரும்.

குறும்பன், மணவாளக்குறிச்சி: இவ்வளவு பேசுகிறீரே அண்ணாச்சி, உம்ம வாயில் எத்தனை பல் மிச்சம்?

எண்ண வேண்டுமானால் வாயை மூடி நாக்கால் தடவிப் பார்க்கணும். இதுவரை வாய்க்கவில்லை.